சோறு கொஞ்சம், காய் நிறைய: எடை குறையவும் வயிறு சீராகவும் ஓர் எளிய விளக்கம்

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம் இரவுச் சாப்பாட்டை நிறுத்துவது. அடுத்தது சோற்றை அடியோடு விடுவது. நான்கைந்து நாள் தாக்குப்பிடிக்கும். அப்புறம் தலைவலி, சிடுசிடுப்பு, மலச்சிக்கல் எல்லாம் வந்து சேரும். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று நம்மை நாமே திட்டிக்கொள்வோம். பசியோடு மல்லுக்கட்டும் எந்தத் திட்டமும் நிலைக்காது. தோற்றது அந்தத் திட்டம்தான், நீங்கள் இல்லை.

சரிவிகித உணவு என்று சொன்னதும் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், அவகாடோ என்று வாங்கப் போக வேண்டியதில்லை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, வைட்டமின்கள், தாதுக்கள், தண்ணீர் ஆகியவை உடம்புக்கு வேண்டிய அளவில் கிடைத்தால் அதுதான் சரிவிகித உணவு. சோறு, சாம்பார், பொரியல், கீரை, ரசம், மோர் என்று நாம் சாப்பிடும் வரிசையில் இவை எல்லாமே இருக்கின்றன. கெட்டுப்போனது அளவுதான். சோறு தட்டை நிரப்பிக்கொள்கிறது. பொரியல் தொட்டுக்கொள்ளும் பொருளாகச் சுருங்கிவிட்டது. சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த அளவைத் திருத்தினாலே எடையும் இறங்கும், செரிமானமும் சீராகும். இரண்டுக்கும் தனித்தனி வைத்தியம் வேண்டாம் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது.

எடை எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது?

உணவிலிருந்து கிடைக்கும் சக்தியைக் கலோரியில் அளக்கிறோம். மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4 கலோரி தருகிறது. புரதமும் அவ்வளவுதான். கொழுப்பு 9 கலோரி. உடம்பு செலவழிப்பதைவிடக் கூடுதலாக உள்ளே போனால் மிச்சம் கொழுப்பாகச் சேரும். குறைவாகப் போனால் சேர்த்து வைத்ததை உடம்பு எடுத்துச் செலவழிக்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ போல இறங்கும். ஆனால் இது தொடக்கத்துக் கணக்கு. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும் என்பதால், போகப்போக வேகம் மட்டுப்படும். அது இயல்பு. அதைப் பார்த்து மனம் விட்டுப்போக வேண்டாம்.

கணக்கு இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லோராலும் முடிவதில்லை? கலோரி குறையும்போது பசி கூடுகிறது, அதனால்தான். ஆகவே, கலோரி குறைய வேண்டும், வயிறும் நிறைந்திருக்க வேண்டும். இதைச் செய்யக்கூடியவை இரண்டு: நார்ச்சத்தும் புரதமும். காய்கறியில் தண்ணீரும் நார்ச்சத்தும் அதிகம். தட்டில் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு கொஞ்சம் கலோரிதான் தரும். புரதமோ, சாப்பிட்டபின் நீண்ட நேரம் பசியைத் தள்ளிப்போடும். எடை குறையும் காலத்தில் தசை கரையாமல் காப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு மதியச் சாப்பாட்டைப் பிரித்துப் பார்ப்போம்

நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்கு மதியம் 150 கிராம் அரிசி என்று வையுங்கள். வெந்ததும் அது 450 கிராம் சோறாகிவிடும். சுமார் 520 கலோரி. அதன்மேல் இரண்டு கரண்டி சாம்பார். தண்ணீராக வைத்த சாம்பார் என்றால் அதில் 15 கிராம் பருப்பு இருந்தாலே அதிகம். ஓரத்தில் இரண்டு கரண்டி பொரியல், 50 கிராம் இருக்கும். கூட ஓர் அப்பளம், கொஞ்சம் ஊறுகாய். சாப்பிட்டு முடித்ததும் கண்ணைச் சுழற்றும். நான்கு மணிக்கெல்லாம் பஜ்ஜியோ பிஸ்கட்டோ கேட்கும்.

இப்போது அதே சமையலில் அளவை மட்டும் மாற்றுவோம். அரிசி 75 கிராம். பருப்பு 30 கிராம், கெட்டியான கூட்டாகவோ பருப்பு மசியலாகவோ. காய் 200 கிராம், ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்தது. கடைசியில் ஒரு டம்ளர் மோர். சோற்றில் மட்டும் 260 கலோரி போய்விட்டது. கூடுதல் பருப்புக்கும் காய்க்கும் தாராளமாக 100 கலோரி சேர்த்துக்கொண்டாலும் 150 கலோரிக்கு மேல் மிச்சம். தட்டில் இருக்கும் உணவின் மொத்த அளவு பெரிதாகக் குறையவில்லை. நார்ச்சத்து கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ இருந்தால் புரதமும் நன்றாக ஏறும். மாலை நான்கு மணிப் பசி தானாகவே அடங்குவதை ஒரு வாரத்துக்குள் நீங்களே பார்க்கலாம்.

சாப்பிடும் வரிசையும் உதவும். முதலில் காயும் கூட்டும், பிறகு சோறு. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிட்டால் அந்தச் செய்தி வருவதற்குள் இரண்டாவது தடவை சோறு விழுந்திருக்கும்.

உருளைக்கிழங்கு, சேனை, மரவள்ளி ஆகியவற்றைக் காய் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சோற்றின் கூட்டாளிகள். உருளைக்கிழங்கு வறுவல் வைத்துச் சாப்பிட்டால் அன்று காயே சாப்பிடவில்லை என்றுதான் பொருள். அவரை, புடலை, கொத்தவரை, கோவைக்காய், சுரைக்காய், வெண்டை, முட்டைகோஸ், வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்கீரை என்று நம் சந்தையில் கிடைக்காத காயா? பெரும்பாலானவை விலையும் மலிவு. இருந்தும் வீட்டில் ஒரு வேளைக்குக் கால் கிலோ காய் வாங்கி நான்கு பேருக்குப் பரிமாறுகிறோம். தலைக்கு 60 கிராம்! இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கிறேன். வேறு எதையும் மாற்ற முடியாவிட்டாலும் காயை இரண்டு மடங்காக்குங்கள்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது தரும் அளவு: கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு வகைகள் 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய், நெய் போன்ற கொழுப்பு 27 கிராம். எல்லாம் சமைக்காத நிலையில் உள்ள எடை. எடை குறைய நினைப்பவர் தானியத்தையும் எண்ணெயையும் இதிலிருந்து கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். காயில் மட்டும் கை வைக்கக் கூடாது.

இந்த நிறுவனத்துக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. 1918இல் அது குன்னூரில்தான் தொடங்கியது. ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர், அங்கிருந்த பாஸ்டர் நிறுவனத்தில், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறு பிரிவாக அதை நடத்தினார். அரிசியின் தவிட்டை முழுக்கத் தீட்டி எறிந்தால் தயமின் என்ற வைட்டமின் போய்விடும். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்கிறவர்களுக்குப் பெரிபெரி வருவது அதனால்தான். அதே அரிசியைப் புழுக்கி எடுத்தால் அந்த வைட்டமினில் ஒரு பகுதி உள்ளே தங்கிவிடும். பச்சரிசியைவிடப் புழுங்கலரிசி மேல் என்று பெரியவர்கள் சொன்னதில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

எண்ணெய்க் கணக்கை மாதக் கடைசியில் பாருங்கள்

தினமும் ஸ்பூன் வைத்து எண்ணெய் அளப்பது யாராலும் முடியாது. மாதக் கணக்கு எளிது. தலைக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் என்றால் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் மூன்றரை லிட்டர். நெய், வெண்ணெய் எல்லாம் இதற்குள் அடக்கம். உங்கள் வீட்டில் ஐந்து லிட்டர், ஆறு லிட்டர் போகிறது என்றால் எடை எங்கிருந்து வந்தது என்று வேறெங்கும் தேட வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே சுமார் 120 கலோரி. கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா என்று விவாதிப்பதற்கு முன்னால் எவ்வளவு என்று பார்த்துவிடுவது நல்லது. கலோரியில் எல்லா எண்ணெயும் ஒன்றுதான்.

சர்க்கரையும் இப்படித்தான் கண்ணில் படாமல் உள்ளே போகும். தினம் மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராம், 120 கலோரி. நாட்டுச்சர்க்கரையோ கருப்பட்டியோ போட்டாலும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரேயடியாக நிறுத்தினால் காபியே கசந்துபோகும். வாரம் அரை ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும்.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

வாயில் அரைபடும் உணவு இரைப்பையில் சில மணி நேரம் அமிலத்தோடு கடைபடும். அங்கிருந்து சுமார் ஆறு மீட்டர் நீளமுள்ள சிறுகுடலுக்குப் போகும். சத்துகள் பெரும்பாலும் அங்கேதான் உறிஞ்சப்படுகின்றன. மீதி பெருங்குடலுக்கு வரும். அங்கே தண்ணீர் உறிஞ்சப்பட்டு மலமாகும். சாப்பிட்டது வெளியேற ஒரு நாளிலிருந்து மூன்று நாள்வரை ஆகலாம். தினமும் காலையில் கட்டாயம் போயே ஆக வேண்டும் என்று கவலைப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிலருக்கு நாளுக்கு இரண்டு தடவை, சிலருக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை. முக்காமல், வலியில்லாமல் போகிறதா என்பதுதான் முக்கியம்.

நார்ச்சத்தை நம் சிறுகுடலால் செரிக்க முடியாது. அதுதான் அதன் சிறப்பே. அது அப்படியே பெருங்குடல்வரை போகிறது. கீரைத் தண்டு, தவிடு, காய்த்தோல் போன்றவற்றில் இருக்கும் கரையாத நார்ச்சத்து மலத்துக்குப் பருமன் கொடுத்து நகர்த்துகிறது. வெண்டைக்காய், வெந்தயம், கொய்யா, பருப்பு வகைகளில் கரையும் நார்ச்சத்தும் உண்டு. அது தண்ணீரை இழுத்து வழவழப்பாகி, உணவு மெதுவாக உறிஞ்சப்படும்படி செய்கிறது. அதனால் சாப்பிட்டபின் இரத்தச் சர்க்கரை திடீரென்று எகிறுவதில்லை. பெருங்குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் நார்ச்சத்துதான் சாப்பாடு. அவை அதை நொதிக்க வைத்து உண்டாக்கும் சில கொழுப்பு அமிலங்கள் குடல் சுவரின் செல்களுக்கு ஆகாரமாகின்றன. ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து என்பது நல்ல இலக்கு. வெள்ளைச் சோறும் மைதாவுமாகச் சாப்பிட்டால் அதில் பாதியைத் தொடுவதே கஷ்டம்.

ஓர் எச்சரிக்கை. நேற்றுவரை காயே தொடாதவர் இன்று திடீரென்று கீரையும் சுண்டலும் முளைகட்டிய பயறும் என்று இறங்கினால் வயிறு உப்பிப் போகும். "எனக்கு இதெல்லாம் ஒத்துக்கொள்ளாது" என்று மறுநாளே விட்டுவிடுவார். குடல் பாக்டீரியாக்கள் பழக இரண்டு மூன்று வாரமாவது தேவை. மெல்ல மெல்லக் கூட்டுங்கள், கூடவே தண்ணீரும் கூடட்டும். நார்ச்சத்து ஏறித் தண்ணீர் ஏறாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் மோசமாகும். கொண்டைக்கடலை, மொச்சை போன்றவற்றில் வாயுவை உண்டாக்கும் ஒருவகைச் சர்க்கரைகள் உள்ளன. இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் குழைய வேகவைத்தால் அவை கணிசமாகக் குறையும்.

தயிரும் மோரும் செரிமானத்துக்கு நம் வீட்டிலேயே இருக்கும் துணை. பால் குடித்தால் வயிறு கடமுடா என்கிறவர்கள் பலருக்குத் தயிர் ஒத்துப்போகிறது. பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையில் ஒரு பங்கை உறை பாக்டீரியாக்கள் முன்பே தின்றுவிடுவதே காரணம். பழைய சோறும் நொதித்த உணவுதான். எடை குறைக்க நினைப்பவரும் அதைச் சாப்பிடலாம், ஆனால் அளவு சோற்றின் அளவுதான். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய் மட்டும் என்றில்லாமல் வெங்காயமும் ஒரு கிண்ணம் பயறும் இருக்கட்டும்.

காலையும் இரவும்

இட்லி நல்ல உணவு. நொதித்தது, ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லாதது. ஆனால் மாவில் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்துதான். ஆறு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் என்றால் பெரும்பாலும் அரிசியும் கொழுப்பும்தான் உள்ளே போகின்றன. மூன்று இட்லி, காய் போட்ட சாம்பார் ஒரு பெரிய கிண்ணம், கூட ஒரு முட்டை அல்லது பயறு என்று மாற்றினால் மதியம்வரை தாங்கும். என்னைக் கேட்டால் காலை உணவில் அடைக்குத்தான் முதலிடம். துவரை, கடலை, உளுந்து எல்லாம் சேர்ந்து, முருங்கைக்கீரையும் கிள்ளிப் போட்டு, குறைந்த எண்ணெயில் வார்த்தால் இரண்டு அடையே போதும். பருப்பை ஒரு பங்கு கூட்டி, அரிசியை ஒரு பங்கு குறைத்து ஊறவையுங்கள்.

புரதம் எவ்வளவு வேண்டும்? ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 30 கிராம் பருப்பில் ஆறேழு கிராம், 300 மில்லி பாலில் 10 கிராம் போல இருக்கிறது. சைவமோ அசைவமோ, மூன்று வேளையிலும் பிரித்து வைத்தால் எட்டிவிடலாம். மீனும் கோழியும் சாப்பிடுகிறவர்கள் குழம்பாக வைத்தால் எண்ணெய் குறையும்.

இரவில் வீட்டுக்கு ஒன்பதரைக்கு வந்து பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் படுப்பவருக்கு நெஞ்செரிச்சல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். படுத்தவுடன் இரைப்பையில் உள்ள அமிலம் மேலே ஏறுவதற்கு வழி எளிதாகிவிடுகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இருக்கட்டும். வேலை அப்படித்தான் என்றால், ஏழு மணிக்கே சுண்டலோ வாழைப்பழமும் மோருமோ வேலை செய்யும் இடத்திலேயே முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பு குறையும்போது இந்த நெஞ்செரிச்சலும் பலருக்குக் குறைகிறது.

கேள்விப்படும் சில விஷயங்கள்

வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா? கரையாது. வெந்நீர் மலம் கழிக்க உதவலாம், தேன் கலோரியைத்தான் கூட்டும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதில் உண்மை உண்டு. ஆனால் கொள்ளு கொழுப்பைக் கரைப்பதில்லை. அதில் நார்ச்சத்தும் 20 சதவீதத்துக்கு மேல் புரதமும் இருப்பதால் பசியைத் தாங்க வைக்கிறது. கொள்ளு ரசத்தைத் தெளிவாக இறுத்துக் குடித்துவிட்டு வெந்த கொள்ளை எறிந்தால் என்ன பயன்?

சிறுதானியம் சாப்பிட்டால் எடை குறையும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சாமை, தினை, குதிரைவாலி, வரகு எல்லாம் அருமையான தானியங்கள். நார்ச்சத்தும் தாதுக்களும் தீட்டிய அரிசியைவிட அதிகம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் கலோரியில் அவை அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. அரிசிக்குப் பதிலாக, அதே குறைந்த அளவில் சாப்பிட்டால் நன்மை. "சிறுதானியம்தானே" என்று தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் எடை ஏறத்தான் செய்யும்.

பழத்தைச் சாறாக்காதீர்கள். நார்ச்சத்து சக்கையோடு போய், சர்க்கரை மட்டும் டம்ளரில் நிற்கும். ஒரு கொய்யாவைக் கடித்துச் சாப்பிடுவது எவ்வளவோ மேல். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிக்காது என்பதிலும் உண்மை இல்லை, வேண்டிய அளவு குடிக்கலாம். காபி, டீயை மட்டும் சாப்பாட்டை ஒட்டிக் குடிக்காதீர்கள், உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும். இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது மிகவும் முக்கியம்.

எவ்வளவு வேகம் சரி?

முதல் வாரத்தில் இரண்டு கிலோ இறங்கிவிட்டது என்று மகிழ்வோம். அதில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்தோடு நிறையத் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும். அதன்பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் போதும். பட்டினி கிடந்து படுவேகமாகக் குறைத்தால் தசை கரையும், பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். எடை இயந்திரத்தைவிட இஞ்சு டேப்பை நம்புங்கள். இந்தியர்களில் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருப்பது நல்லது. நடையும், வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தரும் பயிற்சியும் சேர்ந்தால் குறைவது கொழுப்பாக இருக்கும். நடந்தால் குடலும் நன்றாக அசையும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைப் பாதியாக்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு அப்படியே இருந்து சோறு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே போகலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாங்களாகப் புரதத்தைக் கூட்டக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இது எடை குறைக்கும் காலமே இல்லை. மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ, நாற்பது வயதுக்கு மேல் மலம் கழிக்கும் வழக்கம் திடீரென்று மாறி அப்படியே நீடித்தாலோ, வாழைத்தண்டிலும் வெந்தயத்திலும் சரிசெய்யப் பார்க்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.